கரையான் வீட்டை விற்கப் போன கதை

வீடு விற்றுத் தரும் ஏஜெண்டுக்கு என்ன வேலை, கதவைத் திறந்து காட்டிவிட்டுக் கமிஷன் வாங்குவதுதானே என்று யாராவது உங்களிடம் சொன்னால், அந்த மகராசனை ஒரு நாள் என்னோடு அனுப்பிவையுங்கள். கதவைத் திறந்து காட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. விற்கப்போகிற வீட்டை முதலில் நான் தலை முதல் கால் வரை சோதிக்க வேண்டும். எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்த சுவிட்ச் ஷாக் அடிக்கிறது, மழை பெய்தால் எந்த மூலையில் வாளி வைக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, சரிசெய்ய வைத்து, சாயம் அடிக்க வைத்து, பழைய சாமான்களை வெளியே ஏற்றி, அப்புறம்தான் போட்டோ, விளம்பரம் எல்லாம். எனக்கு இரத்தக் கொதிப்பு எங்கிருந்து வந்தது என்று டாக்டர் தேடிக்கொண்டிருக்கிறார். எனக்குத் தெரியும்.

முன்பு ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சாமான் பரிசோதிக்கிற பிரிவில் இருந்தேன். அங்கே கீறல் விழுந்த சாமானைத் தூக்கிச் சிவப்புக் கூடையில் போட்டால் அது என்னோடு சண்டைக்கு வராது. வீட்டுக்காரர்கள் வருவார்கள். வீடு விற்றுப் பார்த்தவர்கள், வாங்கிப் பார்த்தவர்கள், இரண்டும் முடியாமல் இருக்கிற வீட்டிலேயே புழுங்கிக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் என் கட்சிதான். உங்களுக்காக ஒரே ஒரு வீட்டின் கதையைச் சொல்கிறேன். மற்ற வீடுகளைப் பற்றி எழுதினால் மாத்திரையைக் கூட்டிப் போட வேண்டியிருக்கும்.

பெஸ்தாரி ஜெயா பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி வரிசை வரிசையாக வீடுகள் கட்டின ஒரு தாமான். கடைசி வரிசையில் ஒரு தரைவீடு. வீட்டுக்காரர் பெருமாள் அண்ணன். தோட்டத்தில் லோரி ஓட்டினவர், பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மனைவி ராசம்மா அக்காதான் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டிவிடுகிறார். மகள் சாந்தி பத்தாங் காலியில் இருக்கிறாள். அவளுடைய வீட்டில் படுக்கையறைகள் எல்லாம் மாடியில். இந்த வீட்டை விற்று, அங்கே கீழ்த்தளத்தில் அப்பாவுக்கு ஓர் அறை கட்டி, அவரைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். மகளும் பக்கத்தில் இருப்பாள், வைத்தியமும் கிட்டே. வீடு விற்றால் அவர் போவார், விற்காதவரை இங்கே பின் அறையில்தான் கிடப்பார். இவ்வளவுதான் விஷயம்.

சாமிகள் தொங்கிய சுவர்

ஹாலில் ஒரே சுவரில் வரிசையாகக் காலண்டர்கள். கோயில் காலண்டர், நகைக்கடைக் காலண்டர், மளிகைக்கடைக் காலண்டர். அதில் பாதி பழைய வருஷத்தினுடையது. தேதி முடிந்த காலண்டரைச் சாமி படத்துக்காக வைத்திருப்பது நம் வீடுகளில் வழக்கம்தான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் முழங்கால் உயரத்தில் யாரும் முருகனை மாட்டமாட்டார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது.

முருகனைத் தூக்கினேன். தரையிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு மண்கோடு ஏறிப்போனது. மேலே லட்சுமியைத் தூக்கினேன், கோடு இரண்டாகப் பிரிந்தது. அதற்கும் மேலே பிள்ளையாருக்குப் பின்னால் கதவுச் சட்டத்தை விரலால் தொட்டேன், விரல் உள்ளே போய்விட்டது. கோடு அப்படியே சிலிங்குக்குள் நுழைந்து மறைந்தது. மண்ணைக் கொஞ்சம் உடைத்தால் வெள்ளை வெள்ளையாக ஓடுகின்றன. கரையான். எத்தனை நாளாக இருக்கிறது என்று மகன் சுரேஷைக் கேட்டேன். விற்பனையை அவன்தான் முன்னால் நின்று நடத்துகிறான், ரவாங்கில் ஆபீஸ் வேலை, படித்த பிள்ளை. போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்:

"தெரியும்க்கா. அதுக்குத்தானே காலண்டர் மாட்டியிருக்கோம்."

சமையலறைக்குப் பின்னால்

கரையான் கோட்டைக் கண்டால் அது எங்கிருந்து கிளம்புகிறது என்று தேடிப்போவது என் வழக்கம். சமையலறைப் பின்கதவைத் திறந்தேன். அங்கே இடுப்பு உயரத்துக்கு ஒரு புற்று. மேலே மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி கட்டி, தலைக்கு மேல் தகரக் கூரை போட்டு, சுற்றி வழவழவென்று டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். எப்போதோ ஒரு நாகம் அங்கே தலைகாட்டியதாம். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் தாமான் பெண்கள் பாலும் முட்டையும் கொண்டு வருகிறார்கள். நானும் வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறவள்தான். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன்.

கும்பிட்டுக் குனிந்தபோதுதான் தெரிந்தது. புற்றின் அடியிலிருந்து மண்கோடு கிளம்பி, டைல்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து, நேராகப் பின் அறைச் சுவரில் ஏறுகிறது. வாரா வாரம் பால் ஊற்றி மண்ணை ஈரமாகவே வைத்திருக்கிறார்கள், கரையானுக்கு வேறென்ன வேண்டும்? ராசம்மா அக்காவிடம் என்னால் முடிந்த அளவு பணிவாகச் சொன்னேன். வீட்டுக்கு மருந்து அடிக்க வேண்டும், அடித்தால் இங்கேயும் சேர்த்துத்தான் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் நிற்காது என்றேன். அந்த அம்மாள் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அம்மா வந்து ஒக்காந்த எடத்துல வெசம் ஊத்தச் சொல்றியே, ஒன் வீட்டு சாமி மேடையில ஊத்துவியா தங்கச்சி?"

புதுச் சாயம்

மருந்துக்காரரை வரவழைப்பதைப் பற்றி வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனால் கேட்டிலேயே சாய வாடை. சுரேஷ் ஆள் பிடித்து வீடு முழுக்கச் சாயம் அடித்துவிட்டான். காலண்டர்களைக் காணோம். சுவர் மாம்பழ நிறத்தில் பளபளக்கிறது. மண்கோட்டைச் சுரண்டிவிட்டு, ஓட்டையில் மாவு அப்பி, அதற்கு மேல் சாயம். கறை படிந்த சிலிங்குக்கு வெள்ளை. கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் புது வீடு.

பின் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். பெருமாள் அண்ணனைக் கட்டிலோடு அங்கேயே விட்டு, மேலே பழைய பேப்பரை விரித்துப் போர்த்தி, தலைக்கு நேராக சிலிங்குக்குச் சாயம் அடித்திருக்கிறார்கள். கன்னத்தில் வெள்ளைச் சொட்டுகள். இமையில் ஒன்று. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. இவர் மனிதரா, மேசையா, ஒரு மணி நேரம் ஹாலுக்குத் தூக்கிப் போட உங்களுக்குக் கை இல்லையா என்று கேட்டேன். சாயக்காரர் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே எனக்குச் சமாதானம் சொன்னார்:

"நல்ல மனுசன்க்கா. ஆடவே இல்ல, அசையவே இல்ல. வேல சுளுவா முடிஞ்சிருச்சு."

போட்டோவில் சாமி வேண்டாம்

மருந்து அடிக்காமல் விளம்பரம் போடமாட்டேன் என்று ஆபீசில் சொல்லிவிட்டேன். எங்கள் டீம் லீடர் குணா சிரித்தார். சுரேஷ் அனுப்பின போட்டோக்களை வாங்கி அவரே விளம்பரம் போட்டார். அதிலும் சும்மா போடவில்லை. ஹாலில் இருந்த சாமி மேடையை வெட்டிவிட்டார், நிலையில் இருந்த மாவிலைத் தோரணத்தை அழித்தார், பின்பக்கப் புற்று இருந்த படத்தையே தூக்கிவிட்டார். வாடகைக்கு வீடு கேட்டுப் போகிற இடத்தில் நம் தமிழ்ப் பெயரைக் கேட்டதுமே போனை வைக்கிறார்கள். அந்த வலி தெரிந்த ஆள்தான் குணா. மற்ற இனத்தவர்களும் வாங்க வரவேண்டும் என்று அவரே நம் அடையாளத்தைத் துடைத்துத் துடைத்து எடுக்கிறார். கரையானை மறைக்கிறீர்கள் சரி, சாமி என்ன செய்தது என்று கேட்டேன்.

"நாம வீடு விக்கிறோம் மல்லிகா, கோயில் விக்கல."

ஜெராமிலிருந்து வந்தவர்கள்

வீடு பார்க்க ஜெராமிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. புருஷன் மீன் லோரி ஓட்டுகிறவர். மனைவி பெயர் விமலா. கூடவே ஒரு சின்னப் பெண், பாலர் பள்ளிக்குப் போகிற வயது. கேட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே நான் சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் கரையான் இருக்கிறது, மேலே சாயம் அடித்திருக்கிறார்கள், சிலிங்கை நான் நம்பவில்லை, பார்த்து முடிவெடுங்கள் என்று. சுரேஷ் என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும். புருஷன் வந்த காடியிலேயே ஏறத் திரும்பினார்.

விமலா திரும்பவில்லை. விறுவிறுவென்று உள்ளே நடந்து, சமையலறையைத் தாண்டி, பின்கதவைத் திறந்தாள். புற்றைப் பார்த்தாள். அப்படியே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் விடவில்லை. இதோ பாருங்கள், இந்தப் புற்றிலிருந்துதான் கோடு வீட்டுக்குள் போகிறது என்று டார்ச் அடித்துக் காட்டினேன். சுவரைத் தட்டிக் காட்டினேன், டப்பா மாதிரி சத்தம் கேட்டது. உண்மையைச் சொன்னால் வியாபாரம் கெட்டுவிடும் என்று நினைக்கிற ஏஜெண்டுகளுக்கு ஒரு செய்தி: ஒன்றும் கெடாது, ஏனென்றால் யாரும் காதில் வாங்குவதில்லை. விமலா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"நாங்க வீடு தேடி வரல சிஸ்டர். அம்மாதான் எங்கள வரச் சொல்லியிருக்கா."

பின் அறை

வாங்குவது என்று மனதில் முடிவாகிவிட்டால் பெண்கள் உடனே அறையைப் பங்கு போடுவார்கள். விமலாவும் ஆரம்பித்தாள். முன் அறை நமக்கு, நடு அறை மாமியாருக்கு. பின் அறை வாசலில் நின்று மகளிடம், புற்று பக்கத்திலேயே இருப்பதால் அம்மா காவல் இருப்பாள், இது உன் ரூம் என்றாள். அந்தக் குழந்தை துள்ளிக்கொண்டு உள்ளே ஓடி, கட்டில் அருகில் நின்று சிலிங்கை அண்ணாந்து பார்த்தது. சுரேஷ் சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். கட்டிலில் ஒரு மனிதர் கிடக்கிறார் என்பது யாருக்கும் கணக்கிலேயே இல்லை.

பெருமாள் அண்ணன் இடது கையைத் தூக்கினார். அவர் பேசி நான் கேட்டதில்லை, அவருக்குப் பேச்சே போய்விட்டது என்றுதான் சுரேஷ் சொல்லியிருந்தான். வாய் கோணிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக வந்தது. "பாப்பா... இங்க... வேணாம்." என்னங்க என்று ராசம்மா அக்கா ஓடிவந்தார். அவர் கையால் மேலே காட்டினார். "மேல மரம் இல்ல. தின்னுருச்சு." அப்பா ஏதோ உளறுகிறார் என்று சுரேஷ் குறுக்கே விழுந்தான். நான் அவனை வாயை மூடச் சொன்னேன். ஆமாம், வீட்டுக்காரர் மகனை வாயை மூடச் சொன்னேன், கமிஷன் போனால் போகட்டும். ஏன் அண்ணே இத்தனை நாளாகச் சொல்லவில்லை என்று கேட்டேன். அந்த மனிதர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்:

"மாவு மாவா... தெனமும் என் மூஞ்சில கொட்டுது. இவ... தொடச்சி விடுறா. யாரு... என்னக் கேட்டா?"

பிடிமண்

ஜெராம்காரர்களை யோசித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டு, கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். வீட்டின் கிரண்ட், அதாவது பத்திரம், அவர் பெயரில்தான் இருக்கிறது. இத்தனை நாளும் மகனைக் கேட்டாயிற்று, மனைவியைக் கேட்டாயிற்று, வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைக் கூடக் கேட்டாயிற்று. மருந்து அடிக்கலாமா வேண்டாமா, நீங்கள் சொல்லுங்கள் அண்ணே என்றேன். ராசம்மா அக்கா வாசலில் நின்றார், வாயில் முந்தானை. தோட்டம் மூடினபோது எல்லைக் கோயில் அம்மனை எப்படிக் கொண்டுவந்தோம் என்று பெருமாள் அண்ணன் மனைவியைக் கேட்டார். அந்த அம்மாள் வேண்டாவெறுப்பாக முணுமுணுத்தார், பிடிமண் எடுத்து வந்தோம் என்று. அப்படியே இப்போதும் செய் என்றார் அவர். ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டால் அம்மா நம்மோடு வந்துவிடுவாள். இது அந்தத் தாமானில் எல்லாருக்கும் தெரிந்த சமாச்சாரம். கோபத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

ராசம்மா அக்கா அழுதார், என்னைத் திட்டினார், நான் வந்த நேரத்தைத் திட்டினார். கடைசியில் ஒத்துக்கொண்டார், ஆனால் வீட்டு ஆம்பளை கையால்தான் எடுக்க வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை காலையில் தலைக்கு ஊற்றி, வேட்டி கட்டி, சக்கர நாற்காலியில் அவரைப் பின்கதவு வரைக்கும் தள்ளிப்போனோம். கற்பூரம் காட்டினார்கள். நானும் சுரேஷும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடிக்க, அவர் இடது கையை நீட்டிப் புற்றிலிருந்து ஒரு பிடி எடுத்தார். விரலிடுக்கில் மண் சிந்தியது, விடவில்லை. அதை மஞ்சள் துணியில் சுரேஷ் முடிச்சுப் போட்டுக் கொடுக்க, அவர் மனைவி மடியில் வைத்தார். ராசம்மா அக்கா முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபம் தீர்ந்த முகம் இல்லை அது.

"அம்மா என் மடியில இருக்கா. இனிமே அங்க இருக்கறது கரையான். கூப்பிடு ஒன் மருந்துக்காரன."

ஜெராமிலிருந்து ஒரு போன்

நல்ல செய்தி என்று நானே விமலாவைக் கூப்பிட்டேன். வீட்டுக்காரர்கள் முறைப்படி பிடிமண் எடுத்துவிட்டார்கள், மருந்து அடிக்கப் போகிறார்கள், கெட்டுப்போன மரத்தையெல்லாம் மாற்றித்தான் தருவார்கள், உங்கள் பெண் பயமில்லாமல் படுக்கலாம் என்றேன். பிடிமண்ணை எடுத்தே விட்டார்களா என்று மட்டும் அவள் இரண்டு தடவை கேட்டாள். கரையான் அரிக்கிற வீட்டை ஆசையாகக் கேட்டவள், கரையான் இல்லாத வீட்டை வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்பது எனக்கு அந்த நொடியில் விளங்கியது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் போனை ஒரு முறை முறைத்துப் பார்த்தேன்.

"அம்மா கெளம்பிட்டான்னா அப்புறம் அது வெறும் வீடுதானே சிஸ்டர். வெறும் வீடு ஜெராம்லயே கெடைக்கும் லா."

சிலிங் இறங்கிய நாள்

வியாபாரம் கெட்டதற்குக் காரணம் நான்தான் என்று சுரேஷ் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். மருந்துக்காரர் வந்த அன்று, பெருமாள் அண்ணனை முதலில் ஹாலுக்கு மாற்றுங்கள், அப்புறம்தான் சிலிங்கைத் தொட விடுவேன் என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். சும்மா மருந்து அடிக்கத்தானே, இதற்கு எதற்குக் கட்டிலை நகர்த்தி என்று அவன் சலித்துக்கொண்டே ஒரு பக்கம் பிடித்தான்.

மருந்துக்காரர் ஏணியில் ஏறி, புதுச் சாயம் பளபளக்கிற ஒரு பலகையை நெம்பினார். பலகை வந்தது. கூடவே கூடை கூடையாக மண் வந்தது. மண்ணுக்குப் பின்னால் கை தடிமனான உத்தரத்தில் பாதி வந்தது. கட்டில் இருந்த இடத்தில், தலையணை இருந்த பக்கமாக விழுந்து உடைந்தது. உள்ளே மரமே இல்லை, ஊறின ரொட்டி மாதிரி இருந்தது. ஆனால் நுனியில் பழைய ஆணிகள் மட்டும் கெட்டியாகவே நீட்டிக்கொண்டிருந்தன. ஹாலில் ராசம்மா அக்கா மஞ்சள் முடிச்சை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஏதோ முனகினார். சுரேஷைப் பார்த்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று திரும்பினேன். அவன் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுக்குக் கீழயாக்கா அப்பா படுத்திருந்தாரு?"

பத்தாங் காலி

அன்று சாயங்காலமே சுரேஷ் ஒரு வேன் பிடித்தான். தகப்பனையும் தாயையும் மஞ்சள் முடிச்சையும் ஏற்றிக்கொண்டு பத்தாங் காலிக்குக் கிளம்பினான். எனக்கு மனசு கேட்கவில்லை, என் காடியில் பின்னாலேயே போனேன். சாந்தி வீட்டில் சோபாவை வெளியே தள்ளிவிட்டு, ஹாலில் ஜன்னலோரம் கட்டில் போட்டு, புது விரிப்பு விரித்து வைத்திருந்தாள். பெருமாள் அண்ணனைப் படுக்க வைத்தார்கள். அவர் முதலில் சிலிங்கைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கண்ணை மூடித் தூங்கிப்போனார்.

வேன் பிடித்த நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதற்கா இத்தனை மாதம்? கீழே அறை கட்டாமல் அவரைக் கொண்டுவர முடியாது என்றல்லவா எல்லாரும் என்னிடம் சொன்னீர்கள் என்று சாந்தியிடம் கேட்டேன். அவள் தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, தம்பியையும் அம்மாவையும் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னாள்:

"ஹால்லயே போட்டுக்கலாம்னு நான் மொத நாளே சொன்னேன் சிஸ்டர். ஹால்ல படுக்கப் போட்டா நாலு பேரு என்ன பேசுவாங்க, வீடு வித்தப்புறம் பாத்துக்கலாம்னு இவங்கதான் சொன்னாங்க."

வீடு இன்னும் விற்கவில்லை, கமிஷன் வரவில்லை, குணா என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், ஆனாலும் இந்தத் தொழிலில் நான் உருப்படியாகக் கைமாற்றிவிட்ட ஒரே சொத்து பெருமாள் அண்ணன்தான்.